குடியிருப்பு வீடு விடுதியாக மாறும்போது: அயலவர் முறைப்பாடு செய்வது எப்படி?

இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட ஊர் தொலைவில் உள்ளது. ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலை அண்டி இருக்கும் பார்சலோனா நகரம் அது. 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்கிறார்கள். குடியிருப்பதற்கென அமைந்த வீடுகளைச் சிலர் அனுமதியின்றி உல்லாசப் பிரயாணிகளுக்கு நாட்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். இதற்கெதிராக அயலவர்கள் மாநகரசபைக்கு முறைப்பாடு செய்து வருகிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள், எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

விடுதியும் உல்லாசப் பயணமும் எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் அதிகாரத்தில் உள்ளவருக்கு ஒரு முறைப்பாட்டை எழுதி, அதற்குப் பலன் காண்பது எல்லோருக்கும் வேண்டிய ஒரு வித்தை. அதைவிட, அந்நகரில் இப்பிரச்சினை பெரிதாக வெடித்த பகுதியின் கதை எமது வாசகர்களுக்கு அந்நியமானதல்ல.

இடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாக எழுந்த குடியிருப்பு

1714ஆம் ஆண்டு பார்சலோனா நகரம் நீண்ட முற்றுகையின் பின் வீழ்ந்தது. வென்ற அரசன் ஐந்தாம் பிலிப் நகர மக்களை அடக்கி வைப்பதற்காகப் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டுவித்தான். கோட்டைக்கு இடம் வேண்டுமென்று, கடலோரமாக இருந்த றிபேரா என்னும் பகுதியில் பெருந்தொகையான வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த மக்களைக் குடியமர்த்துவதற்கென்று கடற்கரை மணலிலே இராணுவப் பொறியியலாளர்கள் திட்டமிட்ட புதிய குடியிருப்பு 1753இலேதான் எழத் தொடங்கியது. இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! வீடிழந்தவர்களிற் பலர் மாற்று வீட்டைக் காணாமலே கண்மூடியிருப்பார்கள்.

‘சின்னப் பார்சலோனா’ என்று பொருள்படும் பார்சலோனெற்றா என்பது அக்குடியிருப்பின் பெயர். மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். முதலில் சிறிய மாடி வீடுகளாக இருந்தவை பின்னர் உயர்த்தப்பட்டன. ஒரு வீடு இரண்டாகவும், பிறகு நான்காகவும் பிரிக்கப்பட்டது. இன்றும் அங்கு ‘கால் வீடு’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஏறக்குறைய 30 முதல் 35 சதுர மீற்றர் பரப்புக்குள் ஒரு குடும்பம் முழுவதும் வாழும். சுவர் மெல்லியது, ஒழுங்கை ஒடுங்கியது. பக்கத்து வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும்.

1992இல் பார்சலோனாவில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்தன. கடற்கரை திருத்தி அழகாக்கப்பட்டது, உல்லாசப் பிரயாணிகள் பெருகினார்கள். 2008இல் அமெரிக்காவில் எயர்பிஎன்பி என்ற நிறுவனம் தொடங்கியது. வீடு வைத்திருப்பவர் எவரும் இணையத்தளத்தில் படத்தைப் போட்டு, உலகின் எந்த மூலையிலிருந்தும் விருந்தினரைப் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது. இதேபோன்ற வேறு நிறுவனங்களும் வந்தன. மாத வாடகைக்குக் குடும்பம் ஒன்றை வைத்திருப்பதிலும், இரவுக்கு இவ்வளவு என்று பிரயாணிகளுக்கு விடுவதிலேயே வருமானம் கூட என்பதை வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள். மீனவக் குடும்பத்தின் கால் வீடு, கடற்கரைக்கு இரண்டு நிமிட நடையில் உள்ள அறை என்று விளம்பரத்தில் வந்தது.

2014 ஓகஸ்ட் மாதத்தில் பொறுமை எல்லை கடந்தது. வெளிநாட்டு இளைஞர் சிலர் ஆடையின்றிப் பட்டப்பகலில் பார்சலோனெற்றாவின் தெருக்களில் திரிந்த படங்கள் வெளியாகின. கிழவிகளும் தாய்மாரும் பிள்ளைகளும் தெருவுக்கு இறங்கினார்கள். ‘உல்லாசப் பயண வீடு ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதிய சீலைகள் மாடங்களில் தொங்கின. மாநகரசபை அங்கே பரிசோதனைகளைத் தீவிரப்படுத்தியது. அம்மக்கள் அதற்கு முன்னரும் முறையிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஊர்வலம் போனதால்தான் காது கேட்டது என்று சொல்வோர் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஊர்வலத்தால் ஒரு வீட்டுக்குக்கூடத் தண்டம் விதிக்க முடியாது. அதற்குக் கதவிலக்கம் வேண்டும்.

எது குற்றம், எது குற்றமல்ல

முறைப்பாடு செய்யப் புறப்படுமுன் சட்டம் எதைத் தடுக்கிறது என்பதைத் தெளிவாக அறிய வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது முறைப்பாடாகாது.

பார்சலோனா கற்றலோனியா மாநிலத்தின் தலைநகர். அம்மாநிலத்தின் விதிப்படி, ஒரு முழு வீட்டைப் பணத்துக்கு, 31 நாட்களுக்கு மேற்படாத தங்கலுக்கு, ஓராண்டில் இரண்டு தடவைக்குக் குறையாமல் விட்டால் அது உல்லாசப் பயண வீடு. அதற்கு அனுமதியும் பதிவிலக்கமும் வேண்டும். ‘எச்.யூ.ரி.பி.’ என்று தொடங்கும் அவ்விலக்கம் ஒவ்வொரு விளம்பரத்திலும் இருந்தாக வேண்டும். அயலவர் உடனே அழைத்துப் பேசுவதற்கு வீட்டுக்காரர் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வைக்க வேண்டும். தங்கியிருப்பவர்கள் அயலின் அமைதியைக் கெடுத்தால், 24 மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி அவர்களிடம் கோர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அனுமதியின்றி நடத்துவோருக்குத் தண்டப்பணம் 60,000 யூரோ வரை போகலாம்.

ஆகவே ஒரு வீட்டில் புதுமுகங்கள் வந்து போவது மட்டும் குற்றமாகாது. உறவினர் வந்து தங்கலாம். மாதக்கணக்கில் ஒரு மாணவன் வாடகைக்கு இருக்கலாம். அனுமதி பெற்ற உல்லாசப் பயண வீடாகவும் இருக்கலாம். அப்படியானால் சத்தத்தைப் பற்றி முறையிடலாமே தவிர, வாடகையைப் பற்றி முறையிட இயலாது. சில வீட்டுக்காரர்கள் இந்த 31 நாள் எல்லையைப் பிடித்துக்கொண்டு, தாளில் 32 நாட்களுக்கு ஒப்பந்தம் எழுதி, நடைமுறையில் நாலு நாளுக்கு விடுவதும் உண்டு. அங்கேதான் அயலவரின் கண் உதவுகிறது. யார் எந்நாளில் வந்தார், எந்நாளில் போனார் என்பது தாளுக்குத் தெரியாது, படிக்கட்டில் ஏறி இறங்குபவருக்குத் தெரியும்.

முறைப்பாட்டில் இருக்க வேண்டியவை

முதலில் மாநகரசபையின் இணையத்தளத்தில் அந்த வீட்டுக்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். பார்சலோனா மாநகரசபை இதற்கென்றே ஒரு பக்கத்தைத் திறந்தது. முகவரியைக் கொடுத்துத் தேடலாம், அங்கிருந்தே முறைப்பாடும் அனுப்பலாம். இணையத்தில் பழக்கமில்லாதவர்கள் 010 என்ற மாநகரசபைத் தொலைபேசியை அழைக்கலாம். விளம்பரத்தில் பதிவிலக்கம் இருப்பதாலேயே ஏமாந்துவிடக் கூடாது. வேறொரு வீட்டின் இலக்கத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்வோர் உண்டு. இலக்கமும் முகவரியும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி.

அடுத்தது இடத்தைச் சரியாகக் குறித்தல். தொடர்மாடியில் தெருவின் பெயரும் கட்டட இலக்கமும் போதாது. எத்தனையாம் மாடி, எந்தக் கதவு என்பது வேண்டும். இதைத் தவறவிட்டால் பரிசோதகர் வந்து எல்லாக் கதவையும் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார். நேர்மையாக வாழும் பக்கத்து வீட்டாருக்கு வீண் மனவருத்தமும் வரும்.

பின்பு திகதிகள். ஒரு கொப்பியை எடுத்து இரண்டு மூன்று கிழமைகளுக்கு எழுதி வைத்தால் போதும். இன்ன நாள், இன்ன நேரம், இத்தனை பேர் பெட்டிகளோடு வந்தார்கள், இன்ன நாள் போனார்கள், நடுவில் வீடு துப்புரவாக்குபவர் வந்தார். கதவருகில் திறப்பு வைக்கும் சிறு பூட்டுப்பெட்டி மாட்டியிருந்தால் அதையும் குறிக்கலாம். இணையத்தில் உள்ள விளம்பரத்தைப் படமாக எடுத்து, எடுத்த திகதியோடு சேர்ப்பது மிக வலுவான சான்று. ஏனென்றால் முறைப்பாடு போனது தெரிந்ததும் விளம்பரம் மறைந்துவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வீட்டுக்குள் புகுந்து பார்ப்பது, விருந்தினரின் முகத்தையோ பிள்ளைகளையோ படமெடுப்பது, கடிதங்களைப் பிரிப்பது, திறப்புத் துவாரத்தில் பசை ஊற்றுவது எல்லாம் முறையிடுபவரையே குற்றவாளியாக்கிவிடும்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறோம். கற்பனையானதுதான், குழுவாக வாசிப்போர் இதைப் பார்த்துத் தாமும் ஒன்று எழுதிப் பழகலாம்.

‘ஐயா, எமது கட்டடத்தின் மூன்றாம் மாடி இரண்டாம் கதவு வீடு உல்லாசப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகிறது என நம்புகிறோம். மே 3 முதல் மே 24 வரை ஐந்து வெவ்வேறு குழுவினர் அங்கு தங்கிச் சென்றனர். அவர்கள் வந்த, சென்ற திகதிகளை இணைத்துள்ளோம். அவ்வீட்டின் இணைய விளம்பரத்தின் படத்தையும் இணைத்துள்ளோம். அதில் பதிவிலக்கம் இல்லை. உங்கள் பதிவேட்டிலும் இம்முகவரியை நாம் காணவில்லை. பரிசோதித்து, முடிவை எமக்கு அறியத் தருமாறு வேண்டுகிறோம். இங்ஙனம், இக்கட்டடத்தில் வசிக்கும் கீழே ஒப்பமிட்ட ஆறு குடும்பத்தினர்.’

இதில் வசை இல்லை. ‘இவர் கெட்டவர், பணப்பேய்’ என்ற சொற்கள் இல்லை. கண்டது ஒரு புறம், நம்புவது ஒரு புறம் என்று பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. வேண்டுகோள் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பெட்டிசம் எழுதுவதற்குப் பேர்போனவர்கள் இருக்கிறார்கள். நாலு பக்கத்துக்கு ஏழு தலைமுறைக் கோபத்தையும் கொட்டி, கடைசி வரியில் விடயத்தைச் சொல்வார்கள். உத்தியோகத்தர் கடைசி வரி வரை வாசிப்பதில்லை.

ஆறு குடும்பம் ஒப்பமிடுவதற்கும் காரணம் உண்டு. முறையிடுபவர்களிற் பலர் தாமும் வாடகைக்கு இருப்பவர்கள். ஒருவர் மட்டும் எழுதினால் வீட்டுக்காரரின் கோபம் அவர் தலையில் விழும். கட்டடத்தவர் கூடியோ, அப்பகுதி மக்கள் சங்கத்தின் பெயரிலோ எழுதினால் ஒருவரைப் பிரித்தெடுத்துப் பழிவாங்குவது கடினம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் அவ்விலக்கத்தைச் சொல்லியே மறுபடி கேட்க வேண்டும்.

பரிசோதகர் வந்தபின்

ஸ்பெயின் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை, குடியிருப்பவரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் ஒருவரின் வதிவிடத்துள் எவரும் நுழைவதைத் தடுக்கிறது (கையும் களவுமாகக் குற்றம் நடக்கும்போது தவிர). நல்ல சட்டம் அது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட அனுபவமுள்ளவர்கள் அதன் அருமையை அறிவார்கள். ஆனால் அதனால் பரிசோதகரின் வேலை வாசலிலேயே நிற்கிறது. கதவைத் திறக்கும் பிரயாணி, ‘ஆம், மூன்று இரவுக்கு இவ்வளவு கொடுத்தோம்’ என்று சொன்னால் அதுவே பெரிய சாட்சியம். அதன்மேல் வீட்டை அவ்வாறு பயன்படுத்துவதை நிறுத்தும்படி கட்டளை பிறக்கும். தண்டத்துக்கான விசாரணை தொடங்கும்.

ஆகவே விருந்தினரை விரோதியாக்குவது முறைப்பாட்டுக்கே கேடு. 2024 யூலை 6ஆம் திகதி பார்சலோனாவில் நடந்த ஊர்வலத்தின்போது சிலர் உணவகங்களில் இருந்த பிரயாணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் பாய்ச்சினார்கள். உலகமெங்கும் அந்தப் படம் போயிற்று. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் எமக்கு அது சரியாகப் படவில்லை. பணம் கொடுத்து, சட்டபூர்வமான இடமென்று நம்பி வந்தவர் குற்றம் செய்தவரல்லர். வருமானம் போகும் இடம் வேறு.

வீட்டு உறுதியில் பெயருள்ளவர்தான் எப்போதும் குற்றவாளி என்றும் எண்ணக் கூடாது. 2017இல் இதே பார்சலோனெற்றாவில் ஒரு பெண் தன் வீட்டை ஒருவருக்கு மாத வாடகைக்குக் கொடுத்தார். வாடகைக்கு எடுத்தவர் அங்கே குடியிருக்கவில்லை, அதை எயர்பிஎன்பி மூலம் பிரயாணிகளுக்கு விட்டார். விளம்பரத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டும் பலன் கிடைக்காமல், அந்தப் பெண் தானே ஒரு விருந்தினராகப் பதிந்து, தன் வீட்டுக்குத் தானே பணம் கட்டி உள்ளே போய்ப் பூட்டை மாற்றினார். துணிச்சலான காரியம்தான், எல்லோருக்கும் நாம் சிபார்சு செய்யமாட்டோம். எமக்கு வேண்டியது இதுதான்: முறைப்பாட்டில் வீட்டைக் குறியுங்கள், ஆளைத் தீர்ப்பிட வேண்டாம். ஆள் யாரென்று கண்டுபிடிப்பது விசாரிப்பவரின் வேலை.

அயலவர் மட்டும் போதுமா?

ஒரு கட்டடத்தவர் ஒரு வீட்டைக் காட்டிக்கொடுக்கலாம். ஆயிரக்கணக்கான விளம்பரங்களை இணையத்தில் தாங்கிநிற்கும் நிறுவனத்தை அவர்கள் என்ன செய்ய முடியும்? 2016 நவம்பரில் பார்சலோனா மாநகரசபை, அனுமதியற்ற வீடுகளை விளம்பரம் செய்ததற்காக எயர்பிஎன்பி, ஹோம்அவே ஆகிய இரு நிறுவனங்களுக்கும் தலா 600,000 யூரோ தண்டம் விதித்தது. 2025 மே மாதத்தில் ஸ்பெயின் அரசாங்கத்தின் நுகர்வோர் அமைச்சு, விதிகளை மீறியவை என்று 65,935 விளம்பரங்களை நீக்கும்படி எயர்பிஎன்பிக்குக் கட்டளையிட்டதை வெளியிட்டது.

சட்டம் நிறுவனத்தின் கையைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதைக் காண அமெரிக்காவின் நியூயோர்க் நகரைச் சற்றுப் பார்க்கலாம். அம்மாநிலத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றும் அதற்கு மேலும் குடும்பங்கள் வாழும் கட்டடங்களில் முழு வீட்டை 30 நாளுக்குக் குறைவாக விடுவதைத் தடுத்தது. விருந்தினர் நாட்கணக்கில் மாறும் இடத்துக்குத் தீ எச்சரிக்கைக் கருவிகளும் வெளியேறும் வழிகளும் கூடுதலாக வேண்டும் என்பது காரணங்களில் ஒன்று. இரவில் தீப்பிடித்தால் நேற்று வந்தவருக்குப் படிக்கட்டு எங்கே என்று தெரியாது. அங்கும் அயலவர் 311 என்ற இலக்கத்தை அழைத்து முறையிட்டார்கள். ஆனாலும் 2014இல் மாநில சட்டமா அதிபர் வெளியிட்ட ஆய்வில், எயர்பிஎன்பியில் விடப்பட்ட தனியார் இடங்களில் 72 வீதமானவை சட்டத்துக்கு மாறானவையாகத் தோன்றின. பன்னிரண்டு ஆண்டு முறைப்பாடுகளின்பின் 2022இல் நகரசபை புதிய சட்டம் இயற்றியது. 2023 செப்ரெம்பர் 5 முதல் அது அமுலாகியது. குறுகிய காலத்துக்கு விடுபவர் நகரசபையில் பதிய வேண்டும், தானும் அவ்வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேற்படக் கூடாது. பதிவில்லாத வீட்டுக்கு நிறுவனம் பணம் பெற்றுக் கொடுத்தால் நிறுவனத்துக்கே தண்டம். எயர்பிஎன்பியில் நாள் வாடகை விளம்பரங்கள் அங்கே மளமளவென்று குறைந்தன.

இதில் சிறியவர்களுக்கு அநீதி நேராதா? நேரக்கூடும். 2013இல் நியூயோர்க்கில் தன் அறையை மூன்று இரவுக்கு விட்ட ஒரு வாடகையாளருடைய வழக்கில் 2,400 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வேளையில் வீட்டைப் பகிர்ந்திருந்த மற்றவர் உள்ளே இருந்தார் என்பதால் மேன்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. ஒரு அறையை விட்டு வயிற்றைக் கழுவுபவரையும், பத்து வீட்டை வளைத்துப் போட்டவரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது எமது எண்ணம். பார்சலோனா இதில் கடுமையானது. 2021 முதல் தனி அறையைக்கூட 31 நாளுக்குக் குறைவாகப் பிரயாணிகளுக்கு விட அது இடங்கொடுப்பதில்லை.

பார்சலோனாவில் 2016 முதல் 2024 நடுப்பகுதி வரை 9,700 சட்டவிரோத உல்லாசப் பயண வீடுகளை மூடக் கட்டளையிட்டதாகவும், அவற்றில் 3,500 வரையிலானவை குடியிருப்புக்கு மீண்டதாகவும் மாநகரசபை அறிவித்தது. மூடியதற்கும் மீண்டதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முறைப்பாடு விடுதியை மூடும். குடும்பத்தைக் கொண்டுவந்து இருத்தாது. அதே ஆண்டில் நகரத் தலைவர் சொன்ன கணக்கின்படி முந்திய பத்து ஆண்டுகளில் வீட்டு வாடகை 68 வீதம் ஏறியிருந்தது. அனுமதி பெற்ற 10,101 உல்லாசப் பயண வீடுகளின் அனுமதியையும் 2028 நவம்பருடன் முடித்துவிடுவதாக அவர் 2024 யூன் மாதத்தில் அறிவித்தார். அதற்கு அடிப்படையான 2023ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தை ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது.

அயலவர் கையில் இன்னுமொரு கருவியும் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 3 முதல் ஸ்பெயினின் பெரும்பாலான பகுதிகளில் தொடர்மாடி வீடொன்றைப் புதிதாக உல்லாசப் பயண வீடாக்க விரும்புபவர், கட்டட உரிமையாளர் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கினரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். முன்பு நடந்தபின் முறையிட்டார்கள், இப்போது நடக்குமுன் கை உயர்த்தி மறுக்கலாம். ஆனால் அக்கூட்டத்தில் வாக்கு வீட்டுச் சொந்தக்காரருக்கே. வாடகைக்கு இருப்பவருக்கு இன்றும் கொப்பியும் 010 இலக்கமும்தான்.